ஓட்டிப் பார்க்க வந்தவர்கள்

ஜூன் ஒன்றாம் தேதிக்குள் எனக்கு ஒரு கார் வேண்டியிருந்தது.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், ஊர் ஊராகப் போய் வீட்டிலேயே ரத்தம் எடுத்துவர ஒரு பெண்ணைத் தேடியது. திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை என் பகுதி. சொந்தமாகக் கார் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போய், மழையில் வழுக்கி, நாற்பது பேருடைய ரத்தத்தை ரோட்டில் கொட்டிவிட்டாராம். "ஒண்ணாந்தேதி காலையில வண்டியோட வேலைக்குக் கிளம்பினா வேலை உங்களுக்கு. இல்லன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவோம்" என்று மேனேஜர் சொன்னார். திண்டிவனத்தில் ஒரு சின்ன லேபில் நான்கு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சிறுநீர்க் குப்பிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். எழுதவில்லை.

எதையும் எழுதிப் பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. எழுதிப் பார்த்தாலும் முழு நம்பிக்கை வராது. மாலையில் போகும் கணினி வகுப்பில் அப்போது அட்டவணை போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் டீலர், வலது பக்கம் நேரடி விற்பனை. விலை, இன்ஜின், டயர், காப்பீடு, பெயர் மாற்றம், 'ஏமாறும் வாய்ப்பு'. கடைசி வரிசையில் இரண்டு பக்கமும் 'உண்டு' என்று வந்தது.

மரக்காணம் ரோட்டில் பழைய கார் விற்கும் விருத்தாசலம் அண்ணனிடம் முதலில் போனேன். என்னோடு என் அண்ணன் அலெக்ஸும் வந்தான். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எந்த வண்டியையும் தட்டிப் பார்த்தே குறை சொல்வான்.

"இன்னாண்ணே இது, கதவு ஒரு கலரு, பானெட் ஒரு கலரு?" என்று அலெக்ஸ் கேட்டான்.

"வெயில்ல நின்னா நீயுந்தான் ரெண்டு கலர்ல இருப்ப. பேச வந்துட்டான்" என்றார் விருத்தாசலம். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, என்கிட்ட வாங்குனா ஒரு லாபம் இருக்குது. வண்டியோட கதை எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பேர் மாத்தி புக்கு கையில குடுத்துடுவேன். நிம்மதியா ஓட்டிக்கினு போய்க்கினே இருக்கலாம்" என்றார்.

அவரிடம் எனக்குப் பிடித்த வண்டி என் கையிலிருந்ததைவிட ஐம்பதாயிரம் அதிகம். என் கைக்கு எட்டிய வண்டி ஸ்டார்ட் ஆக மூன்று முறை இருமியது.

அன்று மாலை வகுப்பு இடைவேளையில் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். விழுப்புரம். சின்ன வெள்ளைக் கார். ஒரே ஓனர். 'பெண்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்.' விலை டீலர் சொன்னதைவிட மிகக் குறைவு. அட்டவணையில் வலது பத்தியில் ஏற்றினேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை. எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் மதிய டூட்டி. அதனால் அந்த நாட்களில்தான் காலையில் போக முடியும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். "செவ்வாயும் வெள்ளியுமா? நல்லதாப் போச்சும்மா, அதுதான் காலியா இருக்கு" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்த அம்மாவுக்கு அந்த நாட்களில் வேலை இல்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

வீடு விழுப்புரம் ரயில்வே குடியிருப்பைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. பிரான்சிஸ் ஐயா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லூசியா அம்மா கூட்டேரிப்பட்டு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். வண்டி வாசலில் வெளியே போகத் தயாராக நின்றது. துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

"ஐயா ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? முப்பது வருஷம் கடைசிப் பெட்டியில கொடி புடிச்சிக்கினு போனவன்மா. முன்னாடி போற வேலை எனக்குத் தெரியாது" என்று அவர் சிரித்தார். "அவளுக்கும் தெரியாது. பொண்ணுதான் ஓட்டுவா."

உட்கார்ந்தேன். வழக்கமாக எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் இருக்கையை முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். எனக்குக் கால் குட்டை. இதில் இழுக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பக் கை வைத்தேன்.

"அதத் தொட வேணாம்மா. சரியா இருக்கும்" என்றார் லூசியா அம்மா. அவர் ஏற்கெனவே பின்னிருக்கையில் இடது ஓரம் உட்கார்ந்திருந்தார். முன்னிருக்கையில் ஒரு சாப்பாட்டுப் பையும் குடையும் இருந்தன. கண்ணாடியில் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதில் சாலையும் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது.

ஓட்டிப் பார்ப்பது என்றால் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவது என்று நினைத்திருந்தேன். "ஹைவேல போனாத்தாம்மா இன்ஜின் தெரியும்" என்று கூட்டேரிப்பட்டு வரை போகச் சொன்னார். போனேன். அவர் அதிகம் பேசவில்லை. சில இடங்களில் மட்டும், "இங்க நாய் குறுக்க வரும், ஹாரன் அடிச்சுடு" என்றார். "இந்த லாரிய முந்தாத, பின்னாடியே போவ" என்றார். போ என்று சொல்லவில்லை. எப்போதும் நான் அப்படித்தான் போவேன் என்பது போல, போவ என்றார். நாய் உண்மையாகவே வந்தது.

கூட்டேரிப்பட்டில் மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத் தெருவில் நடந்து போனார். கோடை விடுமுறை, கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் டீக்கடைக்காரர் நான் கேட்காமலேயே சர்க்கரை இல்லாத டீ ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மைல் மீட்டரைக் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது 41,306. திரும்பி வந்தபோது 41,358. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆர்.சி. புக்கைக் கேட்டேன். பி. இருதயசெல்வி என்ற பெயரில் இருந்தது. "ஓனர் கையெழுத்துப் போடணுமே?" என்றேன்.

"செல்வி வந்து போடுவா. அவசரம் என்ன, இன்னும் ரெண்டு தரம் ஓட்டிப் பாரு. ஒரு தரம் பார்த்துட்டு எடுத்துக்கினு போய், அப்புறம் ரோட்டுல நின்னுக்கினு எங்களத் திட்டப்போற" என்றார் லூசியா அம்மா. பிரான்சிஸ் ஐயா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். சாவியைத் திருகியதும் மீட்டரைப் பார்த்தேன். 41,462.

என் குறிப்பேட்டில் 41,358 என்று இருந்தது. நூற்று நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தது. ஐந்தை நான்காகவும் எட்டை ஆறாகவும் எழுதுகிற ஆள் நான்; லேபில் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் கேட்டேன்.

"நடுவுல வேற யாராவது ஓட்டிப் பார்க்க வந்தாங்களாம்மா?"

"வேற யாரு வரப்போறா?" என்றார். பிறகு கைப்பையிலிருந்து காப்பி நிறக் கிளிப் ஒன்றை எடுத்து, என் காதோரம் பறந்த முடியை ஒதுக்கிக் குத்திவிட்டார். "ஜன்னல் தொறந்தா முடி கண்ண மறைக்குது. இப்ப பாரு, நல்லா இருக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது மீட்டரைப் போனில் படம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை நான் விட்டுவிட்டு வந்தது 41,514. இப்போது 41,566. சரியாக ஐம்பத்திரண்டு. கூட்டேரிப்பட்டு போய் வரும் தூரம். இந்த முறை நான் கேட்கவில்லை. லூசியா அம்மாதான், நான் படம் எடுத்ததைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "கணக்கெல்லாம் எழுதி வெக்கிற பழக்கம் நல்லதும்மா" என்றார்.

அன்று திரும்பியதும் விருத்தாசலத்திடம் போய் வண்டி எண்ணைச் சொன்னேன். எண்ணை முடிப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ரயில்வே கார்டு வீட்டு வண்டியா? அடப் பாவமே, அங்க நீயும் போனியா?"

"ஏண்ணே, வண்டி ஆக்சிடெண்ட் ஆனதா?"

"வண்டி சுத்தம். ஒரு கீறல் கெடயாது. பேப்பர்தான் பேஜாரு. அந்தப் பொண்ணு செத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது பாப்பா. டெங்கு காய்ச்சல். மூணே நாள். நான் வாங்கலாம்னு போனேன். செத்தவங்க பேர்ல இருந்தா மொதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும், டெத் சர்டிபிகேட் குடுங்கம்மான்னு கேட்டேன். டீ குடிச்சிக்கினு இருந்தேன். அந்தம்மா பாதி டீயோட டம்ளர என் கையிலருந்து வாங்கிக்கினு, போயிட்டு வாங்கன்னுட்டாங்க."

"செல்வி வந்து கையெழுத்துப் போடுவான்னு சொன்னாங்களே."

"சொல்வாங்க" என்றார் விருத்தாசலம். பிறகு பக்கத்தில் நின்ற காரின் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். ஓட்டத் தெரியாத இரண்டு பேர். இறந்துபோன ஒரு பெண். ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்த மூன்று வரியையும் படித்தேன். கழுத்தின் பின்பக்கம் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. காதோரம் கை போனது. கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அலெக்ஸிடம் சொன்னேன். "செத்தவ ஓட்டுனா பெட்ரோலு யாருடி போடுறது?" என்று கேட்டான். சிரிக்கவைக்கத்தான் கேட்டான். ஆனால் சொல்லிவிட்டு என் குறிப்பேட்டை வாங்கி அந்த எண்களை மறுபடி கூட்டிப் பார்த்தான். "வியாழக்கிழமை எனக்கு விழுப்புரம் மார்க்கெட்டுல லோடு இருக்குது. வா, பாத்துடுவோம்."

வியாழன் காலை ஆறரைக்கு அந்தத் தெரு முனையில் லோடு ஆட்டோவை நிறுத்திக்கொண்டு இருந்தோம். ஆறே முக்காலுக்குக் கேட் திறந்தது. வண்டி வெளியே வந்து எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. பின்னிருக்கையில் இடது ஓரம் லூசியா அம்மா. ஓட்டுகிற பெண்ணின் பின்தலை மட்டும் தெரிந்தது. காதுக்கு மேலே காப்பி நிறக் கிளிப். தோள் கொஞ்சம் முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்திருந்தாள். நான் அப்படித்தான் பிடிப்பேன். நான் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை உறுதி செய்துகொள்ள அலெக்ஸின் கையைப் பிடித்தேன்.

"ஐயோ விடு, கியர் போடணும்" என்றான்.

லோடு ஆட்டோவால் அந்தக் காரைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் கூட்டேரிப்பட்டு போய்ச் சேர்ந்தபோது வண்டி மேம்பாலத்துக்குக் கீழே அதே டீக்கடை ஓரம் நின்றது. மேலே டீ ஆறிக்கொண்டிருந்தது. லூசியா அம்மா குடையோடு பள்ளிக்கூடத் தெருவில் போய்க்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனேன். என் வயதுதான் இருக்கும். உயிருள்ள பெண். மூக்குத்தி போட்டிருந்தாள், நெற்றியில் குங்குமம். அதைப் பார்த்ததும் கார்க் கதவில் கையை ஊன்றிக்கொண்டேன். பயம் போனதால்தான் என்று நினைக்கிறேன்.

"யாருங்க?" என்றாள்.

"நான் ஜெசிந்தா. இந்த வண்டிய வாங்க வந்து பாத்துக்கினு இருக்கேன். நீங்க?"

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசுவது போல, "ஓ. நீதான் செவ்வா வெள்ளியா?" என்றாள். "நான் கிருஷ்ணவேணி. பனமலைப் பக்கம். நான் திங்களும் வியாழனும். புதன் யாருன்னு எனக்குத் தெரியாது."

அவளே தொடர்ந்தாள். "உனக்கு முன்னாடி செவ்வா வெள்ளிக்கு ஒரு பொண்ணு வந்துக்கினு இருந்துச்சாம். கல்யாணமாயிப் போயிடுச்சு. அம்மா சொன்னாங்க."

"நீங்க எத்தினி நாளா வர்றீங்க?"

"மூணு மாசம். வாங்கலாம்னுதான் வந்தேன். பேப்பரு வரலன்னாங்க. வரட்டும்னு இருந்தேன்."

"ஓனர் செத்துப்போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா?" என்றாள் கிருஷ்ணவேணி. குரலில் எந்த மாற்றமும் இல்லை. "மொதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. எங்க வீட்ல நான் நின்னாலும் குத்தம், உக்காந்தாலும் குத்தம். இங்க வாரத்துல ரெண்டு நாளு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல. இடியாப்பம் கட்டிக்கினு வர்றாங்க. நான் வண்டி ஓட்டுறேன். அவ்ளோதான். அம்மா வர்றாங்க, நீ போயிடு. ரெண்டு பேரு ஒண்ணா நிக்கிறது அவங்களுக்குப் புடிக்காது."

திரும்பிப் பார்த்தேன். தெருக்கோடியில் குடை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் ஓடவில்லை என்றுதான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அலெக்ஸ் ஓடினேன் என்கிறான்.

அன்றைக்கே அந்த வண்டியை அட்டவணையிலிருந்து அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அதற்கான காரணத்தையும் நேர்மையாக எழுத வேண்டும். மாதக் கடைசி. ஒரு மாதம்தான் பாக்கி. விருத்தாசலத்திடம் என் கைக்கு எட்டிய ஒரே வண்டி விற்றுப்போயிருந்தது. வெள்ளைக் காரில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். ஒரு தாயின் துக்கம்தான் இருந்தது. பேப்பரை முறையாகச் செய்தால் எல்லாருக்கும் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மே ஒன்று, முதல் வெள்ளி. அன்று மட்டும் சர்ச்சில் பூசை முடிந்து ஏழரைக்குத்தான் வருவேன் என்று லூசியா அம்மா சொல்லியிருந்ததால் நான் ஏழுக்கே போனேன். பிரான்சிஸ் ஐயா மட்டும் இருந்தார். செல்வி விஷயம் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"விக்கணும்னுதாம்மா நான் விளம்பரம் குடுத்தேன். நெசமா. வந்த பொண்ண அவ விடல. அப்புறம் அவளே பாத்துப் பாத்துக் கூப்பிட ஆரம்பிச்சா. டீச்சர்தானே, டைம் டேபிள் போடத் தெரியாதா? எனக்கு என்னன்னா, காலையில ஆறே முக்காலுக்கு அந்தக் கேட்டுச் சத்தம் கேக்கும். வாரத்துல அஞ்சு நாளும் எழுந்து உக்காந்துக்குவேன், செல்வி கெளம்புறான்னு. அப்புறம் ஜன்னல் வழியா பாப்பேன். வேற பொண்ணு. அஞ்சு நாளும் அப்படித்தான். என்னால முடியலம்மா."

ரயில்வே மருத்துவ அட்டையின் உறைக்குள்ளிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்தார். இரண்டு வருடமாக மனைவி கண்ணில் படாமல் வைத்திருந்தாராம். "இத எடுத்துக்கோ. என் கையெழுத்து எங்க வேணும்னாலும் போடுறேன். ஜூன் ஒண்ணாந்தேதி வேலைன்னியே, அதுக்குள்ள வண்டிய இங்கருந்து எடுத்துக்கினு போயிடு."

மீதியை விருத்தாசலம் செய்தார். நேரடி விற்பனை என்று நான் எழுதிய பத்தி டீலரிடம்தான் போய் முடிந்தது. "பார்த்தியா, எங்க சுத்துனாலும் அண்ணன்கிட்டதான் வரணும்" என்று அவர் கமிஷனைக் குறைத்துக்கொண்டார். முதலில் வாரிசு என்ற முறையில் வண்டி பிரான்சிஸ் ஐயா பெயருக்கு மாற வேண்டும், அதன் பிறகு என் பெயருக்கு. அதற்கு இன்னொரு வாரிசான தாயும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட வேண்டும் என்றார். அம்மா கையெழுத்துப் போட மாட்டார், அங்கேயே எல்லாம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

லூசியா அம்மா மறுக்கவில்லை. நான் தாளை நீட்டியபோது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளின் பெயருக்கு முன்னால் அச்சடித்திருந்த 'காலஞ்சென்ற' என்ற சொல் உட்பட ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிரான்சிஸ் ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேனாவை உதறி, கோடு கோணாமல் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

"வண்டி இனிமே எங்க நிக்கும்மா?" என்று கேட்டார்.

"திண்டிவனத்துல, எங்க வீட்டு வாசல்ல."

"ஸ்டேஷனுக்குப் பக்கமா?"

"பின்னாலதான். நடந்தா அஞ்சு நிமிஷம்."

"சரி" என்றார்.

எளிதாக முடிந்துவிட்டது என்று அன்றிரவு எழுதினேன். எழுதிவிட்டு, எளிதாக என்ற சொல்லை அடித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை. மறுபடி அதையே எழுதினேன்.

மே 27 அன்று வண்டி என் பெயருக்கு வந்தது. அலெக்ஸ்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். இருக்கையைப் பின்னால் தள்ளினான், கண்ணாடியைத் திருப்பினான், பாட்டுப் போட்டான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சனிக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கிருஷ்ணவேணி. "வாங்கிட்டியாமே" என்றாள். ஆமாம் என்றேன். அவள் கோபப்படவில்லை. "அப்ப திங்கக்கிழமை நான் இன்னா பண்றது?" என்று மட்டும் கேட்டாள். உடனே அவளே வைத்துவிட்டாள்.

ஜூன் ஒன்று, திங்கள். முதல் வீடு ஜக்காம்பேட்டை. சர்க்கரை நோயாளி, ஓய்வு பெற்ற கண்டக்டர். வெறும் வயிற்றில் ஆறரைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஆறு பத்துக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெயில் ஏற்கெனவே வந்திருந்தது. வண்டியின் இடது பக்கப் பின் கதவருகே லூசியா அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. சேலை மடிப்புக் கலையவில்லை.

"முதல் ரயிலுக்கே வந்துட்டேன். பாஸ் இருக்குல்ல, டிக்கெட் செலவும் இல்ல" என்றார். "வா, நேரமாச்சு."

"அம்மா, வண்டி இப்ப என்னுது" என்றேன். சொன்னதும் எனக்கே கேவலமாக இருந்தது.

"ஆமா. நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

"நான் வேலைக்குப் போறேன்மா. வீடு வீடாப் போகணும்."

"போ. நான் வண்டியிலயே உக்காந்துக்கிறேன். கூட்டேரிப்பட்டு வரும்போது எறங்கிப் பள்ளிக்கூடத்த ஒரு பார்வை பாத்துட்டு வந்துடுவேன். இன்னைக்கு ஸ்கூல் தொறக்குறாங்க."

பெட்டியைக் கீழே வைத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு சொல்லவே முடியாது என்று தெரிந்தது. "அம்மா, என் பேரு ஜெசிந்தா. நான் உங்க செல்வி இல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் குழப்பமே இல்லை. வகுப்பில் விடை தெரிந்த கேள்வியையே கேட்கும் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா? செல்வி செத்து ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆவுது. மொகத்தத் தொடச்சு விட்டதே நான்தான். உங்கள்ல ஒருத்தியையாவது நான் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா? நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். ஒரு முறைகூட இல்லை.

"மத்த பொண்ணுங்க வாரத்துக்கு ரெண்டு நாள் வரும்ங்க" என்றார். "மூணாம் மாசம் வண்டி எப்பன்னு கேக்கும்ங்க. இல்லன்னா கட்டிக் குடுத்துடுவாங்க, நின்னுடும்ங்க. திரும்பப் புதுசா ஒருத்தியத் தேடணும். ஓட்டப் பழக்கணும். எனக்கும் வயசாவுது. நீ ஒருத்திதான் புக்குல பேரு எழுதி, வேலையும் அதே ரோட்டுல கெடச்சு வந்திருக்க." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் காதோர முடியை ஒதுக்கினார். விரல் சில்லென்று இல்லை. சாதாரணமாக, வெதுவெதுப்பாக இருந்தது. "லேப் வேலைன்னா ஞாயித்துக்கிழமையும் உண்டுல்ல?"

"உண்டு" என்றேன்.

"அதான் கேட்டேன். டைம் டேபிளே போட வேணாம்."

என் போன் அடித்தது. ஜக்காம்பேட்டைக் கண்டக்டர். "ஏம்மா, தலை சுத்துது, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கல. ஜல்தி வர்றியா, நான் இட்லிய துன்னுடட்டுமா?" என்று கத்தினார். அவர் சாப்பிட்டுவிட்டால் முதல் நாள் முதல் சோதனையே போய்விடும். மேனேஜர் ஏழு மணிக்குக் கூப்பிடுவார்.

"துன்னுடாதீங்க ஐயா. கிளம்பிட்டேன்" என்றேன்.

லூசியா அம்மா கதவுப் பிடியில் கை வைத்துக் காத்திருந்தார். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின் கதவின் பூட்டைத் திறந்தேன்.